பத்து முழம் கயிறும் பத்து முழக் கயிறும்

தமிழ்த் தேர்வுத் தாள்களில் அடிக்கடி வரும் கேள்வி: ‘முழம் – வாக்கியத்தில் அமைத்து எழுதுக.’ பெரும்பாலும் வரும் விடை: ‘முழம் என்பது பழங்கால நீட்டலளவை.’ தகவல் சரிதான், ஆனால் இது வாக்கியத்தில் அமைத்தது ஆகாது. முழம் இருக்கும் இடத்தில் சாண், கோல், காதம், யோசனை என்று எதை வைத்தாலும் இந்த வாக்கியம் அப்படியே நிற்கும். ஒரு சொல் வாக்கியத்துக்குள் உண்மையாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அதை எடுத்துவிட்டு ‘காதம்’ என்று போட்டுப் படிப்பதுதான். ஒன்றும் உறுத்தவில்லை என்றால் அந்த வாக்கியம் முழத்துக்காக எழுதப்பட்டதல்ல. ‘வாசலில் பூக்காரம்மா நிற்கிறார், ரெண்டு முழம் வாங்கிக்கொள்’ என்பதில் காதத்தைப் போட்டுப் பாருங்கள், உடனே இடறும்.

முழம் என்ற சொல்லின் அழகு, வாக்கியத்தில் அது எந்த வேலை செய்கிறதோ அதற்கேற்ற உருவத்தில் வருவது. முழம், முழ, முழத்து, முழங் என்று நான்கு உருவங்கள். எது எங்கே என்று பிடிபட்டுவிட்டால் பிழை வராது.

முதலில் ‘முழம்’, ‘முழ’ இரண்டையும் பார்ப்போம். அதிகம் குழம்புவது இங்கேதான்.

‘பத்து முழம் கயிறு வேண்டும்.’
‘பத்து முழக் கயிறு வேண்டும்.’

இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. முதல் வாக்கியம் அளவைக் கேட்கிறது. ஐந்து முழத்தில் இரண்டு துண்டாகக் கொடுத்தாலும் கேட்டவர் பத்து முழம் வாங்கிவிட்டார். இரண்டாவது வாக்கியம் பொருளைக் கேட்கிறது: ஒரே கயிறு, அதன் நீளம் பத்து முழம். கிணற்றில் வாளி இறக்க வேண்டியவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். துண்டு துண்டாகப் பந்தல் கட்டப்போகிறவருக்கு முதலாவது போதும். மகர மெய் ஒன்று இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வேறுபாட்டைச் சுமக்கிறது.

பூவில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘ஒரு முழம் பூ’ என்றால் ஒரு முழ நீளத்துக்குத் தொடுத்த பூ. ‘ஒரு முழப் பூ’ என்று எழுதிவிட்டால் முழ அகலத்துக்கு விரிந்த ஒற்றைப் பூ என்றாகிவிடும். வேட்டியில் இதுவே தலைகீழ். ‘நாலு முழ வேட்டி’ என்பதே சரி, ஏனென்றால் அங்கே முழம் என்பது வேட்டியின் வகை. ‘நாலு முழம் வேட்டி’ என்று எழுதினால் கடையில் சுருளாகச் சுருட்டி வைத்த வேட்டித் துணியிலிருந்து நாலு முழம் கிழித்து வாங்குவது போல ஒலிக்கிறது. பேச்சில் இந்த ம் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. எழுத்தில் அதைச் சேர்க்கக் கூடாது.

ம் போனபின் அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: எட்டு முழத் துணி, பதினெட்டு முழச் சேலை, பத்து முழக் கயிறு. வல்லினம் அல்லாதது வந்தால் சும்மா சேரும்: நாலு முழ வேட்டி, முழ நீளம். அளவைக் குறிக்கும்போது ம் அப்படியே நிற்கும், ஒற்றும் வராது: எட்டு முழம் துணி, பத்து முழம் கயிறு.

இந்த வசதி எல்லா அளவைச் சொல்லுக்கும் இல்லை. ‘பத்து மீட்டர் கயிறு’ என்றால் ஒரே கயிறா, மொத்த அளவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பத்து சாண் கயிறு’ என்பதும் அப்படியே, இன்றைய வழக்கில் சாண் என்ற சொல் உருமாறுவதில்லை. கெஜம், காதம் போன்றவை முழத்தின் வழியில் போகின்றன. ஒன்பது கெஜம் துணி, ஒன்பது கெஜப் புடவை. பத்துக் காதம் நடந்தான், காதத் தூரம் ஓடினான். அம் ஈற்றுச் சொற்களுக்கு வாய்த்த பேறு இது. மீட்டர் வந்தபோது இந்த நுட்பம் கையை விட்டுப் போனது எனக்கு வருத்தமே.

இதற்கான விதி நன்னூலில் ஒரே நூற்பாவில் இருக்கிறது (நூற்பா 219): ‘மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும், வன்மைக்கு இனமாத் திரிபவும் ஆகும்.’ முன்பாதி சொல்வது மேலே பார்த்த முழத் துணி, முழ வேட்டி. ம் அழிந்தபின் ‘முழ’ என்பது உயிரில் முடியும் சொல்லைப் போல நடந்துகொள்கிறது. பின்பாதி சொல்வது முழங்கை, முழங்கால், முழந்தாள். க வந்தால் ம் ங் ஆகிறது, த வந்தால் ந் ஆகிறது. ஒரே சொல் ஒரே நூற்பாவின் இரண்டு பாதிக்கும் எடுத்துக்காட்டாக நிற்கிறது. இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர்கள் மரம், வட்டம் என்ற சொற்களைத் தேடிப் போகாமல் முழத்தையே பயன்படுத்தலாம்.

உடம்பு உறுப்பாக வரும் முழங்கையிலும் முழங்காலிலும் அளவு என்ற பொருள் கிடையாது. ‘முழங்கையை ஊன்றிப் படுத்திருந்தான்’ என்று ஒரு மாணவர் எழுதினால் அவர் அளவைப் பெயரை வாக்கியத்தில் அமைக்கவில்லை, உறுப்புப் பெயரை அமைத்திருக்கிறார். மதிப்பெண் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். சட்டையிலும் ஒரு குழப்பம் உண்டு. மணிக்கட்டு வரை வருவது முழுக்கைச் சட்டை. ‘முழங்கைச் சட்டை’ என்றால் முழங்கையோடு நிற்கும் சட்டை என்றுதான் பொருள் கொள்ள முடியும். அதே போல ‘முழு நீளத் திரைப்படம்’ வேறு, ‘முழ நீளம்’ வேறு. ஓர் உகரம் விடுபட்டால் இரண்டரை மணி நேரப் படம் ஒன்றரை அடியாகச் சுருங்கிவிடும்.

வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே ‘அத்து’ என்ற சாரியை வருகிறது: முழத்தை, முழத்தால், முழத்துக்கு, முழத்தில். இவற்றில் நான்காம் வேற்றுமைதான் சந்தையில் அதிகம் புழங்குகிறது. ‘முழத்துக்கு எத்தனை பூ இருக்கும்?’ என்று கேட்பது விவரம் தெரிந்தவர் கேள்வி. நெருக்கிக் கட்டிய முழமும் இடைவெளி விட்டுக் கட்டிய முழமும் நீளத்தில் ஒன்று, பூவின் எண்ணிக்கையில் ஒன்றல்ல. ஆகவே ‘முழம் என்ன விலை?’ என்பதோடு நிறுத்தினால் கேள்வி பாதிதான். ஏழாம் வேற்றுமை துணியில் வரும்: ‘மூன்றாவது முழத்தில் ஒரு இழை அறுந்திருக்கிறது.’ இப்படி எழுதும்போது முழம் அளவாக மட்டும் இல்லாமல் இடமாகவும் ஆகிறது.

மூன்றாம் வேற்றுமைக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் காலத்தில் செய்து வைத்த செப்புத் திருமேனிகளின் உயரம் பாதம் முதல் கேசம் வரை இத்தனை முழம், இத்தனை விரல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதோடு, கோயிலில் வைத்திருந்த முழத்தால் அளந்தது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். ‘முழத்தால்’ என்ற அந்த ஒரு சொல்லை எழுதியவர்கள் எவ்வளவு கவனமானவர்கள்! முழம் கைக்குக் கை மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எத்தனை முழம் என்பதோடு, எந்த முழத்தால் என்பதையும் எழுதி வைத்தார்கள். நில அளவைக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கோலின் நீளத்தைச் சேர்த்தே சொல்வதும் இதே கவனம்தான். இன்று வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறவர்கள் ‘சிலையின் உயரம் இத்தனை முழம்’ என்று மட்டும் எழுதி, ‘முழத்தால்’ என்பதைக் கழித்துவிடுவது சரியல்ல.

கைக்குக் கை எவ்வளவு மாறும்? முழங்கையை மடக்கி, உள்ளங்கையை விரித்து, விரல்களைச் சேர்த்து நீட்டிக்கொள்ள வேண்டும். முழங்கை எலும்பின் வெளிமுனையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். கணக்குக்கு அது 24 விரற்கடை, அதாவது 2 சாண். வழக்கத்தில் 18 அங்குலம், மீட்டர் கணக்கில் 45.7 சென்டிமீட்டர். ஒரு விரற்கடை முக்கால் அங்குலம். ஒருவருடைய கை 42 சென்டிமீட்டர், இன்னொருவருடையது 48 என்றால் பத்து முழத்தில் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அளக்கும் முறையிலும் இடறல் உண்டு. வெளிமுனையில் வைக்காமல் மடிப்பின் உள்பக்கத்தில் தொடங்கினால் முழத்துக்கு இரண்டு விரற்கடை குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முழத்தில் இருபது விரற்கடை, கிட்டத்தட்ட ஒரு முழமே காணாமல் போகும். பூச்சரத்தில் பூ இல்லாத வெறும் நார் முனையையும் சேர்த்து அளந்தால் இன்னும் குறையும்.

இதனால்தான் ‘பத்து முழம் அளந்தார்’ என்பதும் ‘பத்து முழம் இருந்தது’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முன்னது செயலைச் சொல்கிறது, பின்னது அதன் விளைவைச் சொல்கிறது. கடையில் அளந்தது பத்து, வீட்டில் அளந்தால் ஒன்பது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இடைவெளி ஒன்றே போதும், ஒரு சண்டையைத் தொடங்கிவிடலாம்.

அளக்கும் செயலுக்குத் தமிழில் தனி வினை இருக்கிறது: முழம் போடுதல். ‘கயிற்றை முழம் போட்டுப் பார்’ என்றால் கையால் அளந்து பார் என்று பொருள். ‘வெறுங்கை முழம் போடுமா?’ என்ற பழமொழி இதிலிருந்து பிறந்தது. கை இருக்கிறது, அளவும் கையிலேயே இருக்கிறது, ஆனால் அளக்கச் சரமோ துணியோ இல்லாவிட்டால் அந்தக் கையால் என்ன பயன்? கையில் முதல் இல்லாமல் காரியம் நடக்காது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இதைப் போட வேண்டும். ‘திறமை இல்லாதவன்’ என்ற பொருளில் எழுதுகிறவர்கள் உண்டு, அது பிழை. திறமை இருந்தும் முதல் இல்லாத நிலைதான் பழமொழியின் உயிர்.

‘சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது’ என்பதற்கும் இதே கவனம் வேண்டும். ஒரு முழம் இரண்டு சாண். ஏறியது ஒன்று, இறங்கியது இரண்டு. முயற்சிக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே வந்து நிற்பதைத்தான் பழமொழி சொல்கிறது. ‘வேலை மெதுவாக நடக்கிறது, சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது’ என்று எழுதினால் கணக்கு உதைக்கும், மெதுவாக நடந்தாலும் அது முன்னேற்றம்தானே. ‘போன மாதம் வட்டியில் ஐந்நூறு அடைத்தேன், இந்த மாதம் மருத்துவச் செலவுக்கு ஆயிரம் புதுக்கடன், சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது’ என்பது கச்சிதமாகப் பொருந்தும், ரூபாய் கணக்கும் ஒன்றுக்கு இரண்டாக அமைந்துவிட்டது. ‘தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன’ என்பதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பொருளற்றுப் போகிறது. அதனால் அங்கே கணக்குப் பார்க்க வேண்டாம்.

எந்தப் பொருளுக்கு எந்த அளவு என்பதில் தமிழ் பிடிவாதமானது. வயிறு எப்போதும் ஒரு சாண்தான், அரை முழ வயிறு என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு எண்சாண். எட்டு சாண் நாலு முழத்துக்குச் சமம், ஆனாலும் ‘நாலு முழ உடம்பு’ என்று எழுதினால் வாசிப்பவர் வேட்டியைத்தான் நினைப்பார். பூவும் துணியும் கயிறும் முழத்துக்கு உரியவை. சமையலில் தண்ணீர் அரிசிக்கு மேல் எவ்வளவு நிற்க வேண்டும் என்றால் விரற்கடை.

வேட்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று போகலாம், இன்று முழம் உயிரோடு இருக்கும் இடங்களில் அது முக்கியமானது. நாலு முழம் 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். எட்டு முழம் 3.66 மீட்டர். பஞ்சகச்சம் கட்டுவதற்குக் கடையில் ‘ஒன்பது ஐந்து’ என்று கேட்பார்கள், ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்தது அது. ‘பத்து ஆறு’ என்பதும் அந்த வழியே. முழம் என்ற சொல்லே வராமல் முழம் பேசப்படும் வாக்கியம் இது: ‘கல்யாணத்துக்கு ஒரு ஒன்பது ஐந்து எடுத்து வையுங்க.’ புடவைக்கு வந்தால் கணக்கு கெஜத்துக்குத் தாவுகிறது. ஒரு கெஜம் இரண்டு முழம், ஆகவே ஒன்பது கெஜப் புடவையும் பதினெட்டு முழச் சேலையும் ஒன்றே. ‘ஒன்பது முழப் புடவை’ என்று அச்சில் வந்தால் அது பாதிப் புடவை.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அளவையே வணிகத்துக்கு ஏற்கிறது. அதனால் பொட்டலத்தில் மீட்டர் அச்சாகிறது, வாங்குபவர் வாயில் முழம் வருகிறது.

‘நாலு முழம் கட்டிக்கொண்டு வந்தார்’ என்றால் யாரும் ‘எதை?’ என்று கேட்பதில்லை. அளவின் பெயர் அளக்கப்பட்ட பொருளுக்கு ஆகி வருகிறது, இதற்கு நீட்டலளவை ஆகுபெயர் என்று பெயர். ‘உண்பது நாழி உடுப்பது நான்கு முழம்’ என்ற நல்வழி வரியில் இரண்டு ஆகுபெயர் அடுத்தடுத்து வருகின்றன. நாழி என்பது சோற்றுக்கான அரிசி, அது முகத்தலளவை. நான்கு முழம் என்பது துணி, அது நீட்டலளவை. ‘நான்கு முழத் துணியை உடுத்துகிறோம்’ என்று விரித்து எழுதினால் ஆகுபெயர் போய்விடும். தேர்வில் ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் பொருளின் பெயரை எழுதாமல் விடுவதுதான் விடை.

எண்ணுக்குப் பின் முழம் பன்மை ஏற்பதில்லை. நாலு முழம் போதும், நூறு முழம் இருக்கிறது. ‘நாலு முழங்கள் இருக்கின்றன’ என்பது தமிழர் வாயில் வராத வாக்கியம், மொழிபெயர்ப்பில் மட்டும் தலைகாட்டுகிறது. ‘ஆளுக்கு ஒரு முழம்’ என்பது பங்கீடு. ‘தலைக்கு ஒரு முழம் பூ’ என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கவும். ஆளுக்கு ஒரு முழமா, தலையில் சூட ஒரு முழமா என்று இரண்டு பொருள் வரும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. பழைய எபிரேய, எகிப்திய நூல்களில் வரும் கை அளவுக்குத் தமிழில் முழம் என்றே எழுதுகிறோம், அது சரியான தேர்வு. தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். இந்த ‘முழமும் சாணும்’ அடுக்கு மிக இயல்பான தமிழ். முழுதாக வராத நீளத்தை ஆறரை முழம் என்று பின்னத்தில் சொல்வதைவிட, சின்ன அளவை உம்மையோடு சேர்த்துச் சொல்லும்போது அளக்கிற கை கண்ணில் தெரிகிறது. எகிப்தின் அரச முழம் மட்டும் 28 விரல், ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். அங்கே ‘அரச முழம்’ என்று அடைமொழி போடாவிட்டால் வாசகர் 24 விரல் முழத்தை வைத்துக் கணக்கிட்டு ஏமாந்து போவார். இன்னொன்று, ‘இரண்டு முழத் தூரத்தில் பாம்பு படுத்திருந்தது’ என்ற வரியை ‘91.44 சென்டிமீட்டர் தூரத்தில்’ என்று மாற்றாதீர்கள். பாம்பை யாரும் அளவுகோல் வைத்து அளக்கவில்லை. ‘ஒரு கெஜத் தூரத்தில்’ என்றோ ‘மூன்றடி தூரத்தில்’ என்றோ எழுதினால் சொன்னவரின் கண்ணளவு அப்படியே நிற்கும்.

உரையாடலில் எழுதும்போது ‘மொழம்’ என்று எழுதலாம். குடம் கொடம் ஆவதும் முகம் மொகம் ஆவதும் போல இதுவும் பேச்சில் ஒகரமாக நெகிழ்கிறது. ழகரத்தை விட்டுவிட்டு ‘மொளம்’ என்று எழுதுவது, பாத்திரம் உண்மையிலேயே அப்படிப் பேசுகிற வட்டாரத்துக்காரராக இருந்தால் மட்டும். ‘இன்னும் அரை மொழம் சேத்துப் போடும்மா, கோயிலுக்குத்தான் வாங்குறேன்’ என்று பூக்காரம்மாவிடம் கேட்கும் குரலில் ‘முழம்’ என்று போட்டால் அந்தப் பெண் பேசுவது போலவே இருக்காது.